அறுபதைவிட முப்பது பெரிது

"அறுபதைவிட முப்பது பெரிசுய்யா!"

"எந்த ஊர்ல மாமா?"

"இந்த ஊர்லதான்! இறால் வளர்க்கிற எல்லா ஊர்லயும்தான்! ஆபீஸ்ல மாமான்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? இங்க நான் தலைவர்."

"சரிங்க தலைவர். ஆனா ரெண்டு முப்பது சேர்ந்தாத்தானே ஒரு அறுபது? அப்புறம் எப்படி ஒத்தை முப்பது..."

"யோவ்!"

மாமனார் மாப்பிள்ளையை 'யோவ்' என்று அழைக்க எந்த உறவுமுறையிலும் இடமில்லை. ஆனால் சங்கத் தலைவர் சங்க எழுத்தரை அழைக்கலாம். 'ஆபீஸ்ல நான் தலைவர்' என்று அவர் சட்டம் போட்டதே இந்த வசதிக்காகத்தான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

கீழே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் உடைப்பதை நிறுத்திவிட்டார்கள். இறால் வளர்ப்போர் சங்கம் ஐஸ் ஃபாக்டரி மாடியில் இருப்பதில் இது ஒரு சௌகரியம். தரை எப்போதும் சில்லென்று இருக்கும், தரைக்கு மேலே நடப்பது எப்போதும் சூடாக இருக்கும், இரண்டையும் கீழே இருப்பவர்கள் காசில்லாமல் அனுபவிக்கலாம்.

எழுத்தரை ஊரில் எல்லாரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வாரம் முன்புவரை ஒரு டுடோரியலில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். பிள்ளைகள் எல்லாரும் பாஸாகிவிட்டதால் டுடோரியலை மூடிவிட்டார்கள் என்று அவர் சொல்வார். ஒருத்தரும் ஆகாததால் மூடினார்கள் என்று பிள்ளைகளைப் பெற்றவர்கள் சொல்வார்கள். எப்படியோ, மகள் கண்ணைக் கசக்கியதைப் பார்த்து மாமனார் தன் சங்கத்திலேயே ஒரு வேலை போட்டுக் கொடுத்தார். மூன்று மாதம் சோதனைக் காலம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிரந்தரம் செய்வார்கள். செய்யாவிட்டால், தையல் கடை மாடியில் இருக்கும் அந்த இரண்டு அறை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவியோடு மாமனார் வீட்டுப் பின்னறைக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். பின்னறையில் பாதியை இறால் தீவன மூட்டைகள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தன.

"கவுண்ட்னா என்னன்னு நினைச்சீங்க?" என்று தலைவர் மூச்சு வாங்கக் கேட்டார்.

"எண்ணிக்கை."

"எதோட எண்ணிக்கை? ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிக்குதோ, அதோட எண்ணிக்கை! அறுபது கவுண்ட்னா அறுபது இறால் சேர்ந்தாத்தான் ஒரு கிலோ. ஒவ்வொண்ணும் சுண்டு விரல் மாதிரி. முப்பது கவுண்ட்னா முப்பதே போதும். ஒவ்வொண்ணும் இத்தாம் பெரிசு. நம்பர் குறையக் குறைய இறால் பெரிசுய்யா! புரியுதா?"

வாத்தியாருக்குப் புரிந்தது. புரிந்ததும் முகம் வெளுத்தது.

உலக இறால் மன்றம் என்று ஒன்று எங்கோ தொலைவில் இருந்துகொண்டு, உலகத்தில் எவ்வளவு இறால் விளைகிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறிக்கை விடும். அதற்காகக் காலாண்டுக்கு ஒரு முறை சங்கங்களுக்கெல்லாம் படிவம் அனுப்பும். போன வருடம் வரை அந்தப் படிவம் தலைவர் வீட்டிலிருந்தே தபாலில் போய்விடும். இந்த வருடம் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது, கூடவே எழுத்தரும் வந்திருந்தார். 'போக்கு' என்ற கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று துண்டுச் சீட்டில் குறித்து மாப்பிள்ளையிடம் தள்ளிவிட்டார் தலைவர்.

"சீட்டுல நான் என்ன எழுதிக் குடுத்தேன்?"

"நாலு சதம் உயர்வு."

"நீங்க என்ன எழுதி அனுப்பினீங்க?"

"பாதியாகக் குறைந்துவிட்டது."

"ஏன்?"

"போன வருஷம் கவுண்ட் அறுபது, இந்த வருஷம் முப்பதுன்னு படிவத்துல மேல இருந்துச்சு. அறுபது முப்பதானா பாதிதானே? நீங்க என்னடான்னா நாலு சதம் உயர்வுன்னு எழுதியிருந்தீங்க. பெரியவர் கணக்குல தப்பிட்டார், நாலு பேர் பார்த்தா சிரிப்பாங்களேன்னு நானே திருத்தி..."

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இல்லை, விழுந்தார்.

அவர் விழுந்ததற்குக் காரணம் இருந்தது. பதினோரு வருடமாக, மன்றத்தின் அறிக்கை வருவதற்கு முன்பே, இந்த வருடம் உலக உற்பத்தி எத்தனை சதம் ஏறும் என்று உறுப்பினர்கள் முன்னால் எழுந்து நின்று அவர் சொல்லிவிடுவார். அறிக்கையிலும் அதே எண் வரும். எண் எப்போதும் நாலாகத்தான் இருந்தது என்று சில பொறாமைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அறிக்கையிலும் சரியாக அந்த நாலே வந்ததல்லவா? பதினோரு வருடமும் தலைவர் நாற்காலிக்கு வேறு யாரும் ஆசைப்படாததற்கு அந்த நாலுதான் காரணம்.

"மன்றத்துல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? என் குளத்து இறால் முப்பது கவுண்ட் வந்து நிக்குது, பாதியாயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்களே! உடனே திருத்தி அனுப்புங்க. இறால் ரெண்டு மடங்கு பெரிசாயிருக்குன்னு எழுதுங்க."

வாத்தியார் அப்போதே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். வளவளவென்று எழுதுவது அவருக்குப் பிடிக்காது. விடையை மட்டும் எழுதிக் கீழே இரண்டு கோடு போடுவது அவர் வழக்கம். 'திருத்தம்: பாதியல்ல. இரட்டிப்பு.' என்று எழுதி அனுப்பினார். அனுப்பியதற்கு ஒரு நகல் எடுத்துக் கோப்பில் சேர்த்தார். நகல் எடுப்பதில் மட்டும் மனிதர் கெட்டி.

அந்தத் திருத்தத்தை மன்றம் பார்ப்பதற்குள் அறிக்கை வந்துவிட்டது.

வாத்தியார்தான் அதை அச்செடுத்து மாடிப்படி அடியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். ஒட்டிய பிறகுதான் படித்தார். 'உலக இறால் உற்பத்தி பாதியாகக் குறையும். மன்றம் கவலை.'

முந்தின வாரம்தான் தலைவர் எழுந்து நின்று நாலு என்று சொல்லியிருந்தார். பலகை முன்னால் கூடிய உறுப்பினர்கள் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தன் செருப்பைப் பார்த்தார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் ரேடியோ அன்றைக்கென்று மாடிக்கு வந்தார். ரேடியோ என்பது தலைவரின் பக்கத்துக் குளத்துக்காரர். காதில் விழுந்ததை உடனே ஒலிபரப்பாவிட்டால் அவருக்கு வயிறு உப்பிக்கொள்ளும். ஏதோ ஒரு சான்றிதழுக்காகக் கோப்பைப் புரட்டியவர் படிவத்தின் நகலைப் பார்த்துவிட்டார்.

"வாத்தியாரே! இது நீங்க எழுதினதா?"

"ஆமா. அது வந்து..."

"'பாதியாகக் குறைந்துவிட்டது.' தேதி... அறிக்கை வர்றதுக்கு ஒன்பது நாள் முன்னாடி! உலகத்துக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அது தப்பா எழுதினது."

"பாத்தியா அடக்கத்தை!" என்று ரேடியோ சுவரைப் பார்த்துச் சொன்னார். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

உலகத்தில் இறால் குறைந்தால் விலை ஏறும். அதனால் பிடிக்கத் தயாராக இருந்த இறாலை யாரும் பிடிக்கவில்லை. எல்லாக் குளத்திலும் இறால் மேலும் மேலும் தின்று கொழுத்தது.

"என்னங்க, நீங்களும் பாதின்னு எழுதினீங்க, அவங்களும் பாதின்னே சொல்றாங்களே. ஒருவேளை உங்களாலதான்..." என்று மனைவி சாயங்காலம் கேட்டாள்.

வாத்தியார் சிரித்தார். கணக்கு தெரியாதவர்கள்மேல் அவருக்கு எப்போதும் ஓர் இரக்கம் உண்டு.

"உலகத்துல விளையற இறாலை ஒரு லாரின்னு வச்சுக்க. நம்ம சங்கத்து இறால் அந்த லாரி டயர்ல ஒட்டின மண்ணு. மண்ணு போய் லாரியை ஓட்டுமா?"

"ஓட்டாதுதான்" என்றாள் மனைவி. "ஆனா எங்க வீட்டுப் பின்னாடி ரூமுக்கு மட்டும் நான் வரமாட்டேன், சொல்லிட்டேன். போன தடவை அந்தத் தீவன நாத்தத்துல ரெண்டு நாள் தங்கினதுக்கே பஸ்ல என் பக்கத்து சீட்டு கடைசி வரைக்கும் காலியாத்தான் இருந்துச்சு."

பன்னிரண்டாம் நாள் அடுத்த அறிக்கை வந்தது. 'முந்தைய மதிப்பீடு திருத்தப்படுகிறது. உலக இறால் உற்பத்தி இரட்டிப்பாகும்.'

இரட்டிப்பானால் விலை விழும். விழுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று ஊர் மொத்தமும் ஒரே காலையில் வலையைத் தூக்கியது. வலை போடும் ஆட்களை ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து இழுத்தார்கள். ஐஸ் ஃபாக்டரியில் பத்து மணிக்கே ஐஸ் தீர்ந்தது. எல்லாரும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொட்டினால் விலை விழாமல் என்ன செய்யும்? விழுந்தது. "அறிக்கை சொன்னது சரியாப் போச்சு பாத்தியா!" என்று வியந்துகொண்டே கொட்டினார்கள்.

தலைவருக்கு ஆள் கிடைக்கவில்லை. வாத்தியார் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினார். இரண்டாவது அடியிலேயே முழங்கால் கணக்கு பொய்யாகிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை மச்சினி பிடித்தாள். வீட்டில் சின்னவள் என்று கூப்பிடப்படும் அவள் கரையில் பிறந்தவளா குளத்தில் பிறந்தவளா என்று சந்தேகம் வரும்படி நடந்தாள்.

"அத்தான், இழுங்க! வலையைப் பிடிச்சிட்டிருக்கீங்களா, இல்ல வலை உங்களைப் பிடிச்சிட்டிருக்கா?"

கரையில் ஒரு கிலோ எடை போட்டு, எண்ணச் சொல்லி வாத்தியாரிடமே கொடுத்தார்கள். ஈரக் கையால் ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. கூடை காலி. ஒவ்வொன்றும் அவர் உள்ளங்கையைத் தாண்டி மீசையை நீட்டிக்கொண்டிருந்தது.

"பெரிசுதான் மாமா" என்றார் மெல்ல.

தலைவர் கரையோரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ரேடியோ, இருபது பேரோடு நின்றுகொண்டிருந்தார். கையில் வாத்தியாரின் இரண்டாவது நகல். 'இரட்டிப்பு.'

"ரெண்டு தடவை! ரெண்டு தடவையும் முன்கூட்டியே! தலைவர் நாலுன்னார், என்ன ஆச்சு? வாத்தியார் சொன்னது அப்படியே நடக்குது!"

அன்றிலிருந்து மாடிப்படியில் வரிசை நின்றது. அடுத்து எப்போது குஞ்சு விடலாம், எப்போது பிடிக்கலாம் என்று கேட்டார்கள். ஒருவர் தன் மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்குமா என்று கேட்டார். தெரியாது என்று வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டால், பதிலுக்கு அவர்களும் கும்பிட்டார்கள்.

தலைவர் தன் நாற்காலியைத் தள்ளி ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளையை இப்போது மாப்பிள்ளை என்றும் கூப்பிடுவதில்லை, யோவ் என்றும் கூப்பிடுவதில்லை. "சார்" என்று கூப்பிட்டார். அந்த சாரைக் கேட்டால் கீழே ஐஸ் உடைப்பவர்களுக்கே கொஞ்சம் குளிரும்.

"சார், இந்த வருஷம் தலைவரா உங்களையே போட்டுடலாம்னு ரேடியோ சொல்லிட்டுத் திரியறான். உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. நாற்காலி நீளம் அகலம் பாத்துக்குங்க."

"மாமா, சத்தியமா எனக்கு அந்த ஆசையே இல்ல."

"தலைவர்."

"தலைவர், ஆசையே இல்ல."

"ஆசையில்லாதவருக்கு வேலை எதுக்கு? பொதுக்கூட்டம் முடியட்டும். நான் இருந்தா நீங்க இல்ல. நீங்க இருந்தா நான் இல்ல. நீங்க இருந்தாலும் என் வீட்டு மாப்பிள்ளையா இருக்க மாட்டீங்க."

மறுநாள் காலையில் மச்சினி தையல் கடை மாடிக்கு வந்தாள்.

"அத்தான், அம்மா பின்னாடி ரூமைப் பெருக்கிட்டிருக்காங்க. மூட்டையெல்லாம் ஒரு பக்கமா நகர்த்தியாச்சு. உங்க கட்டில் நீளம் எவ்வளவுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

மனைவி கையிலிருந்த கரண்டியை வைத்தாள். வைத்த சத்தத்தில் கீழே தையல் மெஷின் ஒரு நொடி நின்று ஓடியது.

"எதையாவது செஞ்சு உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஊருக்கு நிரூபிங்க" என்றாள். "பத்து வருஷமா எங்க அப்பாகிட்ட தினமும் நிரூபிச்சீங்களே. ஊருக்கு ஒரு தடவை நிரூபிக்க முடியாதா?"

வாத்தியாருக்கு வழி தெரிந்தது. மன்றத்திலிருந்து அடுத்த காலாண்டுப் படிவம் வந்திருந்தது. 'போக்கு' என்ற கட்டத்தில் ஏறும் என்றும் எழுதவில்லை, இறங்கும் என்றும் எழுதவில்லை. 'ஒன்றும் சொல்வதற்கில்லை' என்று எழுதி அனுப்பினார். நகலைக் கோப்பில் வைக்கவில்லை. தானே பலகையில் ஒட்டினார். "எல்லாரும் பாத்துக்குங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. உலகம் ஏதாவது ஒரு பக்கம் போகும். அப்ப நான் தோத்துட்டேன்னு அர்த்தம்" என்று அறிவித்தார். பல மாதங்களில் முதல் முறையாக அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினார்.

பொதுக்கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு அறிக்கை வந்தது. பலகைக்கு முன்னால் ரேடியோ அதை உரக்கப் படித்தார்.

"'உலக இறால் உற்பத்தி குறித்துத் தற்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.'"

ஒருவர் செருப்பைக் கழற்றினார். பார்த்துவிட்டு மற்றவர்களும் கழற்றினார்கள்.

வாத்தியார் மாடிக்கு ஓடினார். இது தற்செயலாக நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். புள்ளிக்குப் பிறகு ஒன்பதாவது சுழியம் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

பொதுக்கூட்டம் ஐஸ் ஃபாக்டரிக்கு எதிரே இருந்த மண்டபத்தில். இருநூறு பேர். முன்வரிசையில் தலைவர், கைகளைக் கட்டிக்கொண்டு, யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ரேடியோ மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் தோளில் பையோடு ஒல்லியாக ஓர் இளைஞர் வாசலில் வந்து நின்றார்.

"இங்க எழுத்தர் யாருங்க? நான் உலக இறால் மன்றத்துல இருந்து வர்றேன். புள்ளிவிவர அதிகாரி."

பொய்த் தகவல் கொடுத்ததற்கு என்ன தண்டனை என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை. கூட்டத்துக்கு முன்னால் கேட்டுவிடக் கூடாது என்று அவரைப் பின்பக்கம், காலி தெர்மாகோல் பெட்டிகள் அடுக்கியிருந்த அறைக்கு இழுத்துப் போனார். கதவைச் சாத்தினார்.

"சார், நான் வேணும்னு செய்யல சார். கவுண்ட்னா என்னன்னு எனக்கு அப்பத் தெரியாது."

"அதெல்லாம் இருக்கட்டும் சார்" என்று அதிகாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தயவு செஞ்சு ஏதாவது ஒரு நம்பர் போடுங்க சார். என் வேலை போயிடும்."

"என்னது?"

"'ஒன்றும் சொல்வதற்கில்லை'ன்னு எழுதிட்டீங்க. நானும் அப்படியே போட்டுட்டேன். எங்க மேலிடத்துக்கு வேண்டியது வரைபடத்துல ஒரு கோடு சார். ஏறணும், இல்ல இறங்கணும். இந்தத் தடவை வெறும் கட்டம்தான் போச்சு. கோடு எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"மத்த சங்கமெல்லாம் எழுதியிருப்பாங்களே. அதை வச்சுப் போட வேண்டியதுதானே?"

அதிகாரி கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார்.

"மூவாயிரம் சங்கத்துக்கு அனுப்புறோம். பதினாறு பக்கம். யார் சார் நிரப்புவாங்க? பதினோரு வருஷமா ஒழுங்காத் திரும்பி வர்றது உங்க சங்கத்துப் படிவம் ஒண்ணுதான். நீங்க போடறதை அப்படியே உலகத்தால பெருக்கிடுவோம்."

"உலகத்தால பெருக்குவீங்களா!" கணக்கு வாத்தியாருக்கு நெஞ்சு வலித்தது. "நாலு இடத்துல விசாரிச்சுப் போட்டிருக்கக் கூடாதா?"

"விசாரிக்கத்தானே சார் படிவமே அனுப்புறோம்!"

அப்போது சின்னவள் டீயோடு உள்ளே வந்தாள். உலக இறால் மன்றத்து அதிகாரியின் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய், இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அங்கேதான் ஆரம்பித்தது என்று ஊரில் பலர் சத்தியம் செய்கிறார்கள். கதவு சாத்தியிருந்ததே, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

வாத்தியார் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே நின்று பதினோரு வருடத்தையும் ஒரு முறை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தார். மாமனார் உலகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. உலகம்தான் மாமனாரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. இதை மைக்கில் சொன்னால் மாமனார் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் தன் கதை முடிந்தது.

"நம்பர் வேணும், அவ்வளவுதானே?" என்றார் அதிகாரியிடம். "நான் தரமாட்டேன். மண்டபத்துல ஒருத்தர் சொல்லுவார். அவர் என்ன சொல்றாரோ, எழுந்து நின்னு அதையே மன்றத்து முடிவுன்னு சொல்லுங்க."

வெளியே ரேடியோ ஏற்கெனவே முழங்கிக்கொண்டிருந்தார். "நம்ம புதுத் தலைவரா, முக்காலமும் உணர்ந்த வாத்தியார் அவர்களை..."

வாத்தியார் மைக்கைப் பிடுங்கினார். "அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த வருஷம் முழுசுக்கும் உலக உற்பத்தி எப்படி இருக்கும்? நம்ம தலைவர் சொல்லட்டும்."

"நான் என்னத்தைச் சொல்றது? எல்லாம் சாருக்குத்தான் தெரியுமே" என்றார் தலைவர்.

"நீங்க சொல்லுங்க தலைவர்."

"சொல்றதுக்கில்லை."

"ஐயோ, அதைச் சொல்லாதீங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் அலறியது. மன்றத்து அதிகாரி.

வாத்தியார் மேடையிலிருந்து இறங்கி முன்வரிசைக்கு வந்தார். மைக் கையிலேயே இருந்ததை மறந்துவிட்டார். "மாமா, ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க மாமா. உங்க பொண்ணு அந்தப் பின்னாடி ரூமுக்கு வரமாட்டாளாம் மாமா." இருநூறு பேரும் கேட்டார்கள்.

தலைவர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். மாமா என்று கூப்பிட்டதற்குக் கோபிக்க வேண்டும் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. திடீரென்று எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நாலு! அன்னைக்கும் நாலு, இன்னைக்கும் நாலு! யார் என்ன சொன்னாலும் நாலு சதம் உயர்வு!"

"மன்றத்தோட இறுதி முடிவு இப்பதான் வந்திருக்கு!" என்று அதிகாரி எழுந்து நின்றார். கையில் இருந்தது டீ கிளாஸ்தான். அதைப் பார்த்தபடியே படித்தார். "நாலு சதம் உயர்வு!"

மண்டபம் அதிர்ந்தது. முதலில் கை தட்டியவர் ரேடியோ. அலைவரிசை மாற்றுவதில் அவருக்கு நிகர் அவர்தான். பன்னிரண்டாவது வருடமாகத் தலைவர் நாற்காலி பழையபடி நடுவுக்கு வந்தது. அதில் உட்கார்ந்த கையோடு அவர் செய்த முதல் காரியம், எழுத்தரை நிரந்தரம் செய்தது. "மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நல்ல பையன்" என்று மைக்கிலேயே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மன்றத்து அதிகாரி ஒவ்வொரு காலாண்டும் படிவத்தை நேரில் வந்து வாங்கிப் போனார். ஈமெயிலில் அனுப்பலாமே என்று வாத்தியார் கேட்டதற்கு, பாதுகாப்பில்லை என்றார். ஆறாவது படிவத்தோடு சின்னவளையும் கேட்டார். கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் தலைவர், தான் பதின்மூன்று வருடமாக உலகத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்து வருவதைப் பற்றிச் சொன்னார். புது மாப்பிள்ளையும் பழைய மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்காமல் பந்தி விசாரித்தார்கள். ரேடியோ குளத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கே கோழிப்பண்ணைக்காரர்களுக்கு முட்டை விலை சொல்லிக்கொண்டிருக்கிறாராம். வாத்தியாரும் மனைவியும் தையல் கடை மாடியை விட்டு அசையவில்லை. பின்னறையில் மூட்டைகள் பழைய இடத்துக்கே திரும்பின.

சின்னவள் ஊருக்குக் கிளம்பின அன்று, வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலைவர் டிரைவரைப் பிடித்து வைத்துக்கொண்டு உலகப் போக்கை விளக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்துப் புது மாப்பிள்ளை, சகலையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாமியாரிடம் மெல்லக் கேட்டார்.

"அத்தை, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். மாமா எப்படிப் பதினோரு வருஷமும் கரெக்டா நாலுன்னே எழுதினார்?"

மாமியார் தண்ணீர் பாட்டிலை மகளிடம் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் எங்க மாப்பிள்ளை எழுதினார்? பதினாறு பக்கத்தைப் பிரிச்சதுமே அவருக்குத் தூக்கம் வந்துடும், முழிச்சதும் 'நான் என்ன சொன்னேன்'னு கேப்பார், 'நாலுன்னு சொன்னீங்க'ன்னு சொல்லிடுவேன். நம்பர்லயே எனக்கு நாலு ஒண்ணுதான் அழகா எழுத வரும்."